வலையும் மலையாடும்: சுவிட்சர்லாந்தில் நிலப்பற்று எழுத்தின் தொடக்கம் குறித்து

நிலக்காட்சியை அழகெனக் கண்டு துய்க்கும் மனநிலை ஐரோப்பாவில் எப்போது தோன்றியது என்ற கேள்விக்கு, பாசெல் நகர வரலாற்றறிஞர் யாக்கோப் புர்க்ஹார்ட் 1860இல் வெளியிட்ட, இத்தாலிய மறுமலர்ச்சிப் பண்பாடு பற்றிய நூலில் அளித்த விடையே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. நவீன மக்களுள் நிலத்தின் அழகை முதலில் உணர்ந்தவர்கள் இத்தாலியரே என்பது அவர் முடிபு; 1336இல் பெத்ரார்க் வான்தூ மலைமீது ஏறியதும், பின்னர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரான ஏனியாஸ் சில்வியஸின் வருணனைகளும் அவர் முன்வைக்கும் முதன்மைச் சான்றுகள். இத்தாலியைப் பற்றிய அளவில் இதை மறுக்க இடம் குறைவு. ஆனால் நிலத்திலிருந்து ஒன்றும் கொள்ளாமல் உச்சியில் நின்று நோக்குபவனே அதை நேசிப்பவன் என்று வெளிப்படையாகச் சொல்லாமலே நிறுவும் அளவுகோல் ஒன்று அவ்வாதத்தில் இருக்கிறது. அதை ஆல்ப்ஸுக்கு வடக்கே கொண்டுசெல்லும்போது வேட்டை, மீன்பிடி நூல்கள் அனைத்தும் வெறும் தொழிற்குறிப்புகளாக ஒதுங்கிவிடுகின்றன. வேட்டையும் மீனும் நிலத்தின் கருப்பொருள்களாகவே அமையும் திணை மரபில் பழகிய தமிழ் வாசகருக்கு இப்பிரிவினையே வியப்பாகத் தோன்றக்கூடும்.

புர்க்ஹார்ட்டின் அளவுகோலுக்கே பொருந்தும் சான்றும் சுவிட்சர்லாந்தில் உண்டு. சூரிக் நகர அறிஞர் கான்ராட் கெஸ்னர் (1516–1565) கிளாருஸைச் சேர்ந்த யாக்கோப் ஃபோகெலுக்கு எழுதிய, மலைகளை வியந்து போற்றும் லத்தீன் மடல் 1541இல் அச்சாயிற்று. அது பாலையும் பால்பொருள்களையும் பற்றிய ஒரு சிறுநூலின் முகப்பாக வெளிவந்தது என்பதை, மடலை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டுவோர் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகிறார்கள்.

இங்கு முதன்மையாகக் கொள்ளப்படும் சான்று கிரெகோர் மாங்கோல்ட் எழுதி 1557இல் சூரிக்கில் அச்சான மீன் நூலாகும். மாங்கோல்ட் கான்ஸ்டன்ஸ் நகரத்தவர். 1548இல் அந்நகரம் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்குள் வந்து மீண்டும் கத்தோலிக்கமாக்கப்பட்டபோது வெளியேறி, சீர்திருத்த சமயத்தவரின் சூரிக்கில் தஞ்சம் புகுந்தவர். தாம் இழந்த ஊரின் ஏரியைப் பற்றி, லத்தீனில் அன்றி அவ்வட்டார ஜெர்மன் மொழியில் அவர் எழுதினார் என்பதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். எனினும் 1557 அச்சான ஆண்டு மட்டுமே. குறிப்புகளில் எவ்வளவு ஊரிலிருந்தபோதே திரட்டப்பட்டது என்பதை அந்த ஆண்டைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

நூலின் நெடிய தலைப்பில் ஒவ்வொரு மீனும் ஆண்டின் எக்காலத்தில் முட்டையிடும், அதனால் எப்போது விலக்கத்தக்கது என்று உரைப்பதாக ஒரு தொடர் உள்ளது. இதை மீன்வளக் காப்பின் தொடக்கக் குரலாக வாசிக்கும் ஆசை எளிதில் எழும். முட்டையிடும் மீன் உடலுக்கு ஒவ்வாது என்ற உணவு விதியாகக் கொள்வதே நேரான வாசிப்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஒரு பகுதியான கீழ் ஏரியின் எர்மாட்டிங்கன் கரையில் காங்ஃபிஷ் என்னும் சிறுமீனை அது முட்டையிடத் திரளும் குளிர்காலத்திலேயே பிடிப்பது வழக்கம். ஆயினும் மாதந்தோறும் மீனின் நிலையை வைத்து ஏரியை அறியும் இந்தப் பார்வை சமையற்குறிப்போடு நின்றுவிடவில்லை. அதே காங்ஃபிஷை மாங்கோல்ட் தனி இனமாகக் கொள்ளாமல், ஃபெல்ஹென் என்ற பெருமீன் தன் வளர்ச்சியில் கடந்துசெல்லும் ஒரு பருவமாக வரிசைப்படுத்தினார். அவ்வரிசை பிழை, பிற்கால விலங்கியல் இரண்டையும் வெவ்வேறு இனங்களாகப் பிரித்துவிட்டது. ஆனால் அந்தப் பிழையே, வலையில் வருவதை ஆண்டுதோறும் அளந்து பார்த்துப் பெயரிட்ட மீனவர் வழக்கு ஏட்டில் ஏறியதற்குச் சான்றாகிறது. படித்த ஒருவர் அறையில் அமர்ந்து புனைந்திருந்தால் இத்தனை நுட்பமான தவறு நேர்ந்திராது என்று வாதிடலாம். 1558இல் வெளிவந்த தம் விலங்கு வரலாற்றின் மீன் பகுதிக்கு மாங்கோல்ட்டின் செய்திகளைக் கெஸ்னர் எடுத்தாண்டார்.

வேட்டையின் பக்கம் சான்று நூலில் அன்றி ஆணையில் கிடைக்கிறது. மாங்கோல்ட் ஊரை இழந்த அதே 1548இல் கிளாருஸ் நாட்டார் கெர்ஃப் மலைப்பகுதியில் வேட்டையைத் தடைசெய்தனர். ஐரோப்பாவின் மிகப் பழைய காட்டுயிர்க் காப்பிடமாக அது கருதப்படுகிறது. வேறிடங்களில் இத்தகைய தடை பிரபுவின் வேட்டைக்காகக் காட்டை ஒதுக்கியது. இங்கோ, கோடை இறுதியிலும் இலையுதிர்காலத்திலும் மணம் முடிக்கும் இணையருக்கு ஷாமோய் என்னும் மலையாடு இரண்டை நியமன வேட்டைக்காரர் சுட்டுத்தரும் உரிமை பிற்காலத்தில் நிலவியது. காப்பும் விருந்தும் ஒரே மலையில் அமைந்த இந்த ஏற்பாட்டைப் புர்க்ஹார்ட்டின் அளவுகோலால் அளக்க வழியில்லை.

மாங்கோல்ட்டுக்கும் புர்க்ஹார்ட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1661இல் லூசெர்ன் ஏரியைப் பற்றி யோஹான் லியோபோல்ட் சீசாட் வெளியிட்ட நூல் தனித்து நிற்கிறது. கிளாருஸில் பிறந்த ஃபிரீட்ரிக் வான் சூடி 1853இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் விலங்குலக நூல், புர்க்ஹார்ட்டின் நூலுக்கு ஏழாண்டு முந்தியது. மலையை உயரத்தால் மூன்று மண்டலமாகப் பிரித்து, உயிரினங்களோடு பொன்ட்ரெசினா வேட்டைக்காரர் கொலானியைப் போன்ற மனிதரையும் அதில் அவர் சேர்த்துக்கொண்டார். சுர்செல்வாப் பள்ளத்தாக்கின் ரொமான்ஷ் மொழியில் லியோ துவோர் 2006இல் வெளியிட்ட 'செத்தெம்ப்ரினி' புதினமும் வேட்டைக்காரரையே மையமாகக் கொண்டது. துவோர் கிரெய்னா மேட்டுநிலத்தில் ஆட்டிடையராக வேலைசெய்தவர். பயன்கொள்வோன், நோக்குவோன் என்ற பிரிவுக்குள் அவரையும் அடக்க முடியாது.