எச்.ஐ.வி டெஸ்ட் எடுத்தா ஊருக்குத் தெரிஞ்சிடுமா? சட்டம் சொல்வது என்ன?

பிள்ளைச்சாவடி மாதிரி எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச கடலோர ஊர்ல, எச்.ஐ.வி டெஸ்ட் என்றாலே இளைஞர்களுக்கு வர்ற முதல் பயம் நோய் இல்ல, "யாராவது பார்த்துட்டா?" என்பதுதான்.

2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். டீன் ஏஜ் பசங்க தயங்கி நிற்கிற இடமும் இதுதான்.

ஜிப்மர் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளின் ஐ.சி.டி.சி மையங்களில் டெஸ்ட் இலவசம். (தமிழ்நாட்டில் இதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர்.) முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார், அப்புறம்தான் ரத்தம் எடுப்பாங்க. முதல் டெஸ்டில் 'ரியாக்டிவ்' என்று வந்தாலே முடிவாகிவிடாது. வேறு கிட்களிலும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

நேற்று நடந்ததற்கு இன்று டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாது. தொற்று டெஸ்டில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். அதற்காகக் காத்திருக்காதீங்க: 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், தடுப்பு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

நேரில் போகத் தயக்கமா? 1097-க்கு போன் பண்ணலாம். கட்டணம் கிடையாது.