துப்புக்கூலி

தமிழ்வாணனின் சங்கர்லால் குறுநாவல் ஒன்றைச் சமீபத்தில் நிலக்கோட்டையில் மறுபடியும் படித்தேன். சங்கர்லால் எனக்கு இன்றும் பிடித்தமான ஆள். தேநீர் குடிக்கிறார், யோசிக்கிறார், குற்றவாளியைச் சுட்டிக் காட்டுகிறார். இதை இலக்கியம் என்று யாரும் சொன்னதில்லை; நானும் சொல்லப்போவதில்லை. இந்த முறை என்னை உறுத்தியது ‘துப்பு’ என்ற சொல்.

நாவலில் துப்பு அறிவுக்குக் கிடைப்பது. இந்தப் பக்கத்திலோ அது விலைக்குக் கிடைத்தது. நிலக்கோட்டை 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தைப் பற்றி பிரான்ஸிஸ் எழுதி 1906-ல் வெளியான கெஜட்டியரில் துப்புக்கூலி பதிவாகியிருக்கிறது. மாடு களவு போனால் சொந்தக்காரன் இடையாள் மூலம் கூலி கொடுத்து மீட்டுக்கொள்வான். ஓட்டியது யார் என்ற கேள்வி எழக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. துப்பறியும் கதை எந்தக் கேள்வியில் பிறக்கிறதோ அதையே அடைத்துவிடும் ஏற்பாடு இது. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் கள்ளர் காவல் வேண்டாமென்று பண்டு சேர்த்துக் கிளர்ந்தன.

தமிழில் துப்பறியும் கதை வந்ததும் அந்த வருஷங்களில்தான். நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894-ல் வெளிவந்தது; நாயகன் போலீஸ் நிபுணன். வத்தலக்குண்டு ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. அதில் திருடன் பேயாண்டித் தேவன் பெயரோடு வருகிறான், வாசகனிடம் ஒளிவதில்லை.

அடுத்து வந்தது சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். துப்பறியும் கதையில் கைரேகை குற்றத்துக்குப் பின்னால் வரும். ஒருவனைப் பிடித்துக் கொடுத்து, மற்றவர்களை விடுவிக்கும். சட்டம் அதைக் குற்றத்துக்கு முன்பே ஒரு சாதி முழுவதிடமும் கேட்டது. விடுவிக்கப்பட அங்கே யாரும் மிஞ்சவில்லை. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று.

தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ தொடங்கியது 1948-ல். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக நான் வாதிடவில்லை. ஆனால் சந்தேகத்துக்குரிய ஐந்தாறு பேரில் ஒவ்வொருவராக விலக்கி, ஒரு குற்றத்துக்கு ஒருவனை மட்டும் பொறுப்பாக்குவது இந்த மண்ணில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. நம் விமர்சகர்கள் சங்கர்லாலை அந்நிய நகல் என்று ஒதுக்கினார்கள். நகல்தான். அந்த நகலில் அந்நியமாக இருந்தவற்றில் இந்த நியாயமும் ஒன்று என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. நாலணாப் புத்தகத்தைப் படித்த பையன், நிரபராதி என்று ஒருவன் இருக்க முடியும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் தெரிந்துகொண்டான். சர்க்கார் கெஜட்டில் அவனுக்கு அது கிடைத்திருக்காது.