டீசல் வண்டியும் அதன் சிக்கனமும்

பழைய டீசல் கார் ஒன்றை வைத்திருப்பவர், லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது பத்தைத் தாண்ட மறுக்கிறது என்று பட்டறையில் வந்து முறையிடும்போது, அந்த முறையீட்டின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் நிற்கிறது என்பதை அவரும் நினைப்பதில்லை, வண்டியின் பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்கும் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆயினும் அந்த மெக்கானிக் தேர்ந்த தொழிலாளியாக இருந்தால், எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்தபடியாகப் பார்ப்பது, எதைக் கடைசி வரையில் தொடாமல் விடுவது என்று அவர் கைக்கொள்ளும் முறை முழுவதும் அந்தச் சரித்திரத்திலேயே விளைந்ததாகும். டீசல் யந்திரம் வளர்ந்த ஒவ்வொரு படியிலும் புதிதாக ஓர் அளவு வகுக்கப்பட்டது. வகுக்கப்பட்ட அன்றே அந்த அளவு பிசகுவதற்கும் வழி பிறந்தது. ஆகையால், வண்டி ஏன் எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுவோர், இந்த யந்திரம் எவ்வாறு சிக்கனத்தை அடைந்தது என்ற வரலாற்றை முதலில் அறிந்துகொள்வது மிகவும் பிரயோஜனமானது.

சிக்கனத்தின் மீது கொண்ட ஆசையே இந்த யந்திரத்தின் பிறப்புக்குக் காரணம். 1858-ல் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த ருடால்ஃப் டீசல், மியூனிக் நகரத் தொழிற்கல்லூரியில், குளிர்பதன யந்திரங்களால் புகழ் பெற்ற கார்ல் ஃபான் லிண்டெ என்ற பேராசிரியரிடம் பாடம் கேட்ட நாட்களில், நீராவி யந்திரம் தான் உண்ணும் நிலக்கரியின் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றித் தருகிறது என்பதை அறிந்து, எஞ்சிய ஒன்பது பங்கும் வீணாவதைப் பொறுக்கமாட்டாதவரானார். காற்றை மட்டும் தனியே உள்ளிழுத்து மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானாகவே சூடேறும் என்பதும், அவ்வாறு சூடேறிய காற்றில் எண்ணெயைச் செலுத்தினால் மின்பொறியின் உதவியில்லாமலே அது பற்றி எரியும் என்பதும், அழுத்தம் மிகுந்த அளவுக்கு உஷ்ணத்திலிருந்து கிடைக்கும் வேலையும் மிகும் என்பதும் அவருடைய சித்தாந்தம். 1893-ல் அந்தச் சித்தாந்தத்தை நூலாக வெளியிட்ட அவர், அதே ஆண்டில் ஆக்ஸ்பர்க் யந்திரசாலையில் செய்த முதல் பரீட்சையில் அழுத்தத்தைக் குறிக்கும் கருவியே வெடித்துச் சிதறியபோதும் மனம் தளரவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்து, 1897 பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்து பார்த்தபோது, எரிபொருளின் உஷ்ணத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறுவது தெரியவந்தது. அக்காலத்து வேறெந்த வெப்ப யந்திரமும் அந்த எல்லையை எட்டியதில்லை.

அந்தப் பரீட்சை நமக்கு விட்டுச்சென்ற முதற்பாடம், டீசலின் சிக்கனம் அழுத்தத்தில் இருக்கிறது என்பதே. இன்று ஒரு பழைய காரின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தோ, வால்வுகள் தம் இருக்கையில் சரியாகப் பொருந்தாமலோ, கம்ப்ரஷன் குறைந்துபோகுமானால், காற்று போதிய உஷ்ணத்தை அடைவதில்லை. செலுத்தப்பட்ட எண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே வெண்புகையாகக் குழாய் வழி வெளியேறுகிறது. விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுப்பதும், மைலேஜ் குறைவதும் இந்த ஒரே நோயின் இரண்டு குறிகளாகப் பல வேளைகளில் அமைகின்றன.

டீசல் அமைத்த யந்திரம் சிக்கனமானதே ஆயினும், அது வண்டியில் ஏறக்கூடியதாக இருக்கவில்லை. எண்ணெயை உள்ளே தூவுவதற்கு அழுத்திய காற்றின் துணை வேண்டியிருந்ததால், ஒவ்வொரு யந்திரத்தின் பக்கத்திலும் காற்றழுத்தும் கருவி ஒன்றும் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தைத் தொழிற்சாலையும் கப்பலும் தாங்கினவே தவிர, சாலையில் ஓடும் வாகனம் தாங்கவில்லை. 1909-ல் மன்ஹைம் நகரத்துப் பென்ஸ் கம்பெனியில் பணிபுரிந்த ப்ரோஸ்பர் லோரான்ஞ் என்பவர், சிலிண்டருக்கு மேலே ஒரு சிறு முன்னறையை அமைத்து, எண்ணெயை அதிலே செலுத்தி, அங்கு தொடங்கும் எரிதலின் வேகமே மீதி எண்ணெயைச் சிலிண்டருக்குள் தூவும்படி செய்யும் உபாயத்தைக் கண்டார். பின்னர் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ காற்றைச் சுழலச் செய்யும் அறை ஒன்றை வகுத்தார். சிறிய டீசல் கார்களில் பல, எரிபொருளை நேரே சிலிண்டரில் செலுத்தாமல் இத்தகைய அறைகளின் மூலமாகச் செலுத்தும் இனத்தைச் சேர்ந்தவையாகவே நெடுங்காலம் இருந்துவந்தன.

எனினும் எண்ணெயைச் செலுத்தும் பம்பு கைவராத வரையில் இவ்வளவும் அரைகுறைப் பணியாகவே நின்றது. ஒரு சொட்டிலும் சிறு பகுதியான எண்ணெயை, குறித்த கணத்தில், எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே அளவாக, நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில், நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் செலுத்தக்கூடிய கருவியைக் கைவினைப் பட்டறையில் செய்துவிட முடியாது. ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் 1922-ன் இறுதியில் இந்தக் காரியத்தை மேற்கொண்டு, ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1927-ல் பம்புகளைத் தொடர் உற்பத்தியாக வெளியிட்டார். பட்டறைக்காரர்கள் எலிமென்ட் என்று அழைக்கும் அதன் உட்தண்டும் உறையும், இடையில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி இருக்கும்படி ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு ஜோடியின் தண்டு வேறொரு ஜோடியின் உறைக்கு உதவாது. அழுக்குப் படிந்த எண்ணெயும், எண்ணெயோடு கலந்த நீரும் இந்தப் பம்புக்கு ஏன் ஜன்ம சத்துருக்களாயின என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இந்தப் பம்பைத் தாங்கி, 1936 பிப்ரவரியில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் பென்ஸ் 260 டி என்ற கார் மக்கள் முன் வந்தது. அதன் சக்தி 45 குதிரைத் திறன் மட்டுமே, ஓசையோ அதிகம். ஆனால் அதையொத்த பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் கேட்ட இடத்தில், இது சுமார் ஒன்பது லிட்டரோடு திருப்தி அடைந்தது. எரிபொருளின் செலவை நாள்தோறும் தம் பையிலிருந்து கொடுத்துவந்த வாடகைக் கார் ஓட்டிகளே இதை முதன்முதலில் ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். டீசல் காரின் மைலேஜைக் கணக்குப் பார்க்கும் வழக்கம் அவர்களிடமிருந்தே தொடங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்தியாவில் டீசல் முதலில் காரில் வரவில்லை. லாரியிலும் பஸ்ஸிலும் வந்தது. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாக்கள் பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். சென்னையை அடுத்த எண்ணூரில், ஆஸ்டின் கார்களைப் பொருத்துவதற்காக 1948-ல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் ஸ்தாபனம், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, கனரக டீசல் வண்டிகளின் இல்லமாயிற்று. சென்னை சிம்ப்ஸன் கம்பெனி பெர்க்கின்ஸ் வகை டீசல் என்ஜின்களைச் செய்தது. 1951-ல் நிறுவப்பட்ட மைகோ கம்பெனி, பெங்களூர் ஆடுகோடியில் பம்புகளையும், எண்ணெயைத் தூவும் முனைகளாகிய நாசில்களையும் உற்பத்தி செய்தது. வண்டிகளோடு கூடவே அவற்றின் வைத்தியர்களும் தோன்றினார்கள். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களிலும், கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களிலும், பம்பு சர்வீஸ் என்று பலகை மாட்டிய தனிப்பட்டறைகள் கிளைத்தன. மற்றப் பட்டறைகளைப் போலத் தரையில் எண்ணெய்க் கறையோடு இராமல், தூசி நுழையாதபடி கதவடைத்த அறையில், பெஞ்சின் மீது பம்பைப் பூட்டி, மோட்டாரால் சுழற்றி, ஒவ்வொரு குழாயிலிருந்தும் வரும் எண்ணெயைக் கோடிட்ட கண்ணாடிக் குழல்களில் பிடித்து, எல்லாக் குழல்களிலும் மட்டம் ஒன்றாகும் வரையில் திருத்துவது அங்கு நடந்த தொழில். நாசிலைக் கைநெம்புகோல் கருவியில் மாட்டி அமுக்கும்போது எண்ணெய் பனிப்புகைபோல் விரிகிறதா, நுனியில் சொட்டு நிற்கிறதா என்பதைக் கண்ணாலும், நாசில் தரும் மெல்லிய கரகரப்பைக் காதாலும் அறியும் நுட்பம், குருவின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று பெற்றதாகும்.

1973-ல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தியபோது, கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. இந்தியாவில் பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இடையே இருந்த தூரம், கார் வைத்திருப்பவர்களின் மனத்தை டீசலின் பக்கம் திருப்பியது. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு வேன்களின் டீசல் என்ஜினைக் காரில் பொருத்திக்கொண்டவர்கள் பலர். 1980-ஐ ஒட்டி, 1489 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜினோடு அம்பாஸடர் கார் வந்தபோது, லாரிகளுக்கென்று வளர்ந்திருந்த பம்பு அறைகளின் வாசலில் கார்களும் வந்து நின்றன. டாக்ஸி ஓட்டிகளின் ஆதரவால் அந்தக் கார் கிராமச் சாலைகள் வரையில் பரவியது. மைலேஜ் குறைவைக் கண்டறியும் முறையும் அதன் மூலமாகவே சிற்றூர்ப் பட்டறைகளுக்குள் வேரூன்றிற்று.

அந்த முறையின் முதற்படி, முறையீட்டையே அளந்து பார்ப்பது. டேங்கை வாய்மட்டம் நிரப்பி, வழக்கமான பாதையில் நெடுந்தூரம் ஓட்டி, மறுபடியும் அதே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்கிட்டாலன்றிக் குறைவு உண்மையா என்பது தெரியாது. டயரின் அளவை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரே பொய் சொல்லும். இரண்டாவதாக, என்ஜினுக்கு வெளியே சக்தி வீணாகிறதா என்று பார்ப்பார்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சோதிப்பார்கள். டயரில் காற்று குறைவா, கிளட்ச் வழுக்குகிறதா, திரும்பும் எண்ணெய்க் குழாயில் ஈரக்கசிவு உண்டா என்று பார்ப்பார்கள். செலவில்லாத இந்தச் சோதனைகளிலேயே பல வண்டிகளின் குறை வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது படியில் என்ஜினின் மூச்சும் உஷ்ணமும் வருகின்றன. காற்று வடிகட்டி அடைபட்டால், செலுத்திய எண்ணெய்க்குப் போதிய காற்றின்றிக் கரும்புகை எழும். வெயில் நாட்டில் என்ஜின் கொதித்துவிடுமோ என்ற அச்சத்தால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் வழக்கம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருந்தது; அந்த வால்வு இல்லாத என்ஜின் உரிய உஷ்ணத்தை அடைவதற்கே நெடுநேரமாகி, அதுவரையில் எண்ணெயை வீணாக்கிக்கொண்டே ஓடும். நான்காவதாக டேப்பெட் எனப்படும் வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும், ஐந்தாவதாக நாசில்களும் டைமிங்கும் சோதிக்கப்படும். எண்ணெய் உரிய கணத்துக்குப் பிந்திச் செலுத்தப்பட்டால் பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு எரிந்து பயனின்றிப் போகும். மிக முந்தினால் என்ஜின் கடகடவென்று தட்டும். இவையெல்லாம் செம்மையாக இருக்கக் கண்ட பிறகே பம்பைக் கழற்றுவார்கள். விலையுயர்ந்ததும் நுட்பமானதும் ஆகிய உறுப்பைக் கடைசியில் தொட வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, வண்டிக்காரரின் பணத்தையும் யந்திரத்தின் ஆயுளையும் ஒருங்கே காப்பாற்றியது.

இந்த ஒழுங்கை மீறியவர்களால் விளைந்த கேடும் சரித்திரத்தின் பகுதியே. வண்டி இழுக்கவில்லை என்ற குறைக்கு, காரணத்தைத் தேடாமல், பம்பின் ஸ்க்ரூவைத் திருகி எண்ணெயை மிகுதியாக விட்டவர்கள் உண்டு. சிறிது காலம் வேகம் கூடியதுபோலத் தோன்றினாலும், கரும்புகையோடு மைலேஜும் போய்விடும். மண்ணெண்ணெயின் மலிவு காரணமாக அதை டீசலில் கலந்த கலப்படமோ இதைவிடக் கொடியது. டீசல் தானே பம்பின் உட்தண்டுக்கு வழுவழுப்பூட்டும் எண்ணெயாகவும் பயன்படுகிறபடியால், அந்த வழுவழுப்பு குன்றிய கலவை, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு என்று அமைந்த இடைவெளியை அரித்துப் பெரிதாக்கி, பம்பின் அளவுக் கணக்கையே அழித்துவிடுகிறது.

1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில், எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் எண்ணெயை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் முறை வந்த பிறகு, அளவை வகுக்கும் பொறுப்பு உலோகத் தண்டிலிருந்து மின்னணுக் கருவிக்கு மெல்ல மெல்ல மாறியது. அம்பாஸடரின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. பழைய பம்பைக் கண்ணாடிக் குழல் வைத்துத் திருத்தும் பெஞ்சுகள் குறைந்துவருகின்றன. ஆயினும் காற்று, அழுத்தம், உஷ்ணம், எண்ணெயின் அளவு, செலுத்தும் கணம் ஆகிய ஐந்தும் எந்த டீசலுக்கும் பொதுவானவை. கணிப்பொறி காட்டும் எண்ணைப் படிப்பவரும் இந்த ஐந்தின் உறவை உணராவிட்டால், நல்ல உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்துவோர், பம்பு அறைகளில் முதிர்ந்த தொழிலாளர்கள் இன்னும் பணியில் இருக்கும்போதே, அவர்களுடைய சோதனை முறையைப் படிப்படியாகக் கேட்டறிந்து, தெளிந்த தமிழில் நூலாக எழுதி மாணவர் கையில் கொடுக்க வேண்டும். தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் தேசத்தில், ஒரு வண்டியை வீண்செலவிலிருந்து மீட்கும் அறிவு தேசத்தின் பொதுச் சொத்தாகும். அதை எழுத்தில் ஏற்றிக் காப்பது நம் தலைமுறையின் கடமை.