எஸ்தெர்ஹாசி குடும்பத்தின் பொக்கிஷ அறை

ஐரோப்பியப் பிரபுக்கள் திரட்டிய பரோக் காலத்து அலங்காரக் கலைப்பொருட்கள் பெரும்பாலும் அழகியல் நோக்கிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளன. அவற்றை அரசியற் சான்றாகவும் கொள்ளலாம் என்பதற்கு, ஹங்கேரிய எஸ்தெர்ஹாசி குடும்பத்தின் பொக்கிஷம் தக்கதோர் உதாரணமாகும். 1761 முதல் இசைமேதை ஹெய்டனை ஆதரித்த குடும்பமென்றே நம்மிற் பலர் இதனை அறிவர். பொக்கிஷமோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது.

சிறு பிரபுக் குடியிற் பிறந்த மிக்லோஸ் எஸ்தெர்ஹாசி செல்வம் மிக்க விதவையொருத்தியை மணந்தும், ஹப்ஸ்பேர்க் மன்னர்பால் விசுவாசம் பேணியும் உயர்ந்தவர். 1622இல் ஃபோர்க்டென்ஸ்டைன் கோட்டை அவர் கைக்கு வந்தது. அவர் மகன் பால் (1635–1713) 1687இல் இளவரசுப் பட்டம் பெற்றார். புதிதாய் உயர்ந்த குடிக்குப் பழைமை வேண்டியிருந்தது போலும். 1700இல் பால் வெளியிட்ட குலவரலாற்று நூல் தம் மரபை ஹூணர் தலைவன் அத்திலாவுடன் இணைக்கின்றது. கோட்டைச் சுவர்களிலோ கற்பனை முன்னோரின் ஓவியங்கள் தொங்குகின்றன. பொக்கிஷமும் இம்முயற்சியின் மறுகூறே என்பது எமது கருத்து. பொய்யான வமிசாவளி காட்டவியலாததை மெய்யான வெள்ளி காட்டிற்று.

பொற்கலங்கள், தந்தச் சிற்பங்கள், விசித்திர மணிக்கூடுகள், வெள்ளியாலான மேசை, துருக்கியப் போர்களிற் கிடைத்த பொருட்கள் ஆகியன கண்ணாடி அலுமாரிகளில் அடுக்கப்பட்டன. அறைக் கதவைத் திறக்க இரு வேறு திறவுகோல்கள் வேண்டும். ஒன்று இளவரசரிடமும் மற்றது பொக்கிஷக் காப்பாளரிடமும் இருந்தன. ஆகவே, உடையவரும் தனித்து உட்புக முடியாது. பொருட்கள் தனியொருவரின் உடைமையன்றிக் குடியின் உடைமை என்ற கொள்கை இதனாற் புலனாகின்றது.

1919இல் ஹங்கேரிய சோவியத் குடியரசின் ஆட்சியில் சிறந்த பொருட்கள் பல புடாபெஸ்ற் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வாட்சி வீழ்ந்த பின்னரும் அவை திரும்பவில்லை. அங்குள்ள பயன்கலை நூதனசாலையிற் குடும்பத்தின் வைப்பாக இருந்தன. 1921இல் கோட்டை அமைந்த நிலப்பகுதி ஒஸ்திரியாவைச் சேரவே, ஒரே திரட்டு இரு நாடுகளுக்குரியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, புடாபெஸ்றில் இருந்தவை காப்புக் கருதி அந்நகரிலுள்ள குடும்ப மாளிகையின் நிலவறைக்கு மாற்றப்பட்டன. நகர முற்றுகையில் அம்மாளிகை இடிந்து வீழ்ந்தது. 1949இலேயே இடிபாடுகளினின்றும் பொருட்கள் மீட்கப்பட்டன: உலோகக் கலங்கள் நசுங்கியிருந்தன, துணிகள் ஈரத்திற் பழுதுற்றிருந்தன. அவற்றைச் செப்பனிடும் பணி பல தசாப்தங்கள் நீடித்தது. துருக்கியரும் கைப்பற்றாத எல்லைக் கோட்டையில் எஞ்சியவையோ, பால் அமைத்த அதே அலுமாரிகளில் இருக்கின்றன.