பார்வை விலங்கும் நரியூளையும்: பெங்களூர் வட்டார வேட்டை மரபை முன்வைத்து

வேட்டுவன் விலங்கைத் தேடிச் செல்லுதல் ஒரு முறை. அதனைத் தன்னிடம் வரச்செய்தல் மற்றொரு முறை. பின்னதற்குரிய பழந்தமிழ்ச் சொல் 'பார்வை' என்பதாகும். பழக்கிய விலங்கைக் கட்டிவைத்து அதன் இனத்தை ஈர்க்குமிடத்து, கட்டப்பட்ட விலங்கே பார்வை எனப்பட்டது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடில் முன்றிலில் விளாமரத்தடியில் அதனைக் காட்டுகின்றது. புறநானூற்றின் 320ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. வேட்டுவன் உறங்குகிறான், பார்வைப் பிணையை நாடி வந்த கலைமான் அதனோடு விளையாடுகிறது, கணவன் துயிலும் மான்களின் இன்பமும் கலையாதிருக்க மனைவி அசையாதிருக்கிறாள். உத்தி பலித்தும் வேட்டை நிகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இப்பொருளைப் பதிந்துள்ளது. எனினும் இன்றைய மாணவர் பலர் இச்சொல்லுக்கு 'நோக்கு' என்றே பொருள் கொள்வர்.

இரை பசியைத் தூண்டுவது. பார்வையோ இனநாட்டத்தைத் தூண்டுவது. இவ்வேறுபாட்டை உணரப் பெங்களூர் வட்டாரம் நல்ல களமாகும். இந்நகரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடக் கன்றுகளைக் கட்டிவைத்துப் பரண்மேற் காத்திருந்தார். 1954இல் வெளிவந்த தம் முதல் வேட்டை நூலில், ஜவளகிரிப் பெண்புலியைத் துணைதேடும் ஆண்புலியின் குரலால் அழைத்து வீழ்த்தியதை அவர் விவரிக்கிறார். கட்டிய கன்று செய்யாததைக் குரல் செய்தது எனலாம்.

இக்குரற்கலையின் உண்மையான உரிமையாளர் வேறு. பன்னேர்கட்டாப் பகுதியில் குடியமர்ந்த ஹக்கி பிக்கி மக்கள், தமிழகத்து நரிக்குறவரைப் போலவே வாக்ரி மொழி பேசுவோர். 'ஹக்கி' என்பது கன்னடத்தில் பறவை. அவர்கள் பறவை பிடித்து வாழ்ந்தமையைப் பெயரே உணர்த்தும். நரிக்குறவரோ நரியின் ஊளையைத் தம் வாயால் எழுப்பி அதனை வலைக்கு வரவழைத்தவர்கள். ஊளையிட்டவனே அங்குப் பார்வையாக நின்றான் என்பது கருதத்தக்கது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கண்ணியிடுதலோடு இரைவைத்து ஈர்த்தலும் அடங்கும், முயற்சியும் வேட்டையே. இத்தடை தேவையானது என்பதில் ஐயமில்லை. வீட்டிலேயே செய்யப்படும் இன்றைய இரை எத்தகையது என்பதை அவுட்டுக்காய் காட்டும். பழத்திலோ இறைச்சியிலோ பொதிந்த அந்நாட்டுவெடி, கடித்த விலங்கின் வாயைச் சிதைக்கும். பன்றிக்கு வைத்ததை யானை கடிப்பதும் உண்டு. 2020 ஜூனில் திருச்சிராப்பள்ளி ஜீயபுரத்தருகே இறைச்சியில் வெடிவைத்து நரியொன்று கொல்லப்பட்ட வழக்கில் 12 பேர் கைதாயினர். விலங்கின் குரலையும் இயல்பையும் அறிய வேண்டிய கட்டாயம் இங்கு வேட்டுவனுக்கு இல்லை.

ஹக்கி பிக்கியரின் தொழிலும் மாறிவிட்டது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது, மூலிகைப் பொருள் விற்கச் சென்றிருந்த இம்மக்கள் அங்குச் சிக்கிக்கொண்டனர். அதன்பின்னரே பலர் இப்பெயரைக் கேள்வியுற்றனர். தொழில் ஒழிந்தது நன்றே. ஆனால் எந்த ஊளை அழைப்பு, எது எச்சரிக்கை, எந்தப் பருவத்தில் எதற்கு விலங்கு செவிசாய்க்கும் என்னும் அறிவும், அதற்குரிய சொற்களும் முதியோர் நினைவில் மட்டுமே தங்குவன. வாக்ரி மொழிக்குத் தனி எழுத்தில்லை. பார்வை என்னும் சொல்லுக்கு உரைகளில் மட்டும் விளக்கம் தேடும் நாம், பெங்களூரின் தெற்கெல்லையிலுள்ள அக்குடியிருப்புக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருமுறை செல்லலாம்.