இடுப்பில் வைக்கும் துவக்கு: எந்த அளவு நல்லம்?

மாசி, பங்குனியில் மாரிப்போக அறுவடை முடியும்போது வெல்லாவெளிப் பக்கம் நெல் லொறிகள் வரிசையாக நிற்கும். நெல் வாங்குகிறவர்கள் காசைக் கையோடு கொண்டு திரிவார்கள். என் அக்காவின் மகனும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறான். களுவாஞ்சிகுடியில் காசை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் தாண்டி இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன். போன போகத்தில் தும்பங்கேணி கழிந்து வெகு தூரம் ஒரு சைக்கிள் விளக்குப் போடாமல் அவனுக்குப் பின்னால் வந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலையில் என் வாசலில் நின்றான்.

“மாமா, இடுப்பில வெளியால தெரியாம வைக்கக்கூடிய சின்னப் பிஸ்டல் எண்டா எந்தச் சைஸ் நல்லம்? மூண்டு எண்பதா, ஒன்பதா?”

கைத்தொலைபேசியில் அமெரிக்கர்கள் பேசும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். நான் பல வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன். சான்றுப் பொருளாக மேசையில் வைக்கப்பட்ட துவக்குகளையும் ரவைகளையும் பார்த்தே இந்த எண்கள் எனக்குப் பழக்கம். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

எண் எதைச் சொல்கிறது?

துவக்கின் அளவு என்பது, பொதுவாகச் சொன்னால், குழாயின் உள்விட்டம். அமெரிக்க, பிரித்தானிய வழக்கில் அதை அங்குலத்தில் சொல்வார்கள். ஐரோப்பிய வழக்கில் மில்லிமீற்றரில் சொல்வார்கள். .32 என்றாலும் 7.65 மி.மீ. என்றாலும் ஒரே ரவைதான். நம் ஊர் வேட்டைத் துவக்கின் கணக்கு வேறு. ‘12 போர்’ என்றால், குழாய்க்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல் என்று அர்த்தம். அதனால்தான் 16 போர் 12 போரைவிடச் சின்னது.

விட்டம் மட்டும் வலுவைச் சொல்லாது. ரவையின் நீளம், மருந்தின் அளவு, குண்டின் பாரம், குழாயின் நீளம் எல்லாம் சேர்ந்ததுதான் வலு. ‘9 மி.மீ. சோட்’ என்பதும் ‘9 மி.மீ. பரபெல்லம்’ என்பதும் விட்டத்தில் ஒன்று. வலுவில் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. ஒன்றின் ரவை மற்றதற்குப் பொருந்தாது.

சிறிய அளவுகள் ஐந்து

.22: இவற்றில் மிகச் சின்னது. குண்டு ஏறத்தாழ 2.6 கிராம். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், விலையும் குறைவு. மருந்தைப் பற்றவைக்கும் பொருள் ரவையின் விளிம்புக்குள் இருப்பதால், நடுவில் தொப்பி உள்ள ரவைகளைவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

.25 (6.35 மி.மீ.): உள்ளங்கைக்குள் அடங்கும் பிஸ்டல்களுக்காக ஜோன் பிரவுனிங் நூறு வருடத்துக்கு முன் வடிவமைத்தது. வலு .22க்குக் கிட்டத்தட்டச் சமன். நடுத்தொப்பி என்பதால் நம்பகம் கொஞ்சம் கூட.

.32 (7.65 மி.மீ.): இதுவும் பிரவுனிங் செய்ததே. நெடுங்காலம் ஐரோப்பியப் பொலிஸாரின் அளவு இது. குண்டு 4.6 கிராம் அளவில்.

.380 (9 மி.மீ. சோட்): 1908இல் வந்தது. மறைத்து வைக்கிறவர்கள் ‘இதற்குக் கீழே போகாதே’ என்று சொல்லும் அளவு. .32இன் வலுவில் ஒன்றரை மடங்கு. ஆனால் மிகச் சின்னப் பிஸ்டலில் இது கையை நன்றாக உதைக்கும்.

9 மி.மீ. பரபெல்லம்: ஜேர்மனியில் ஜோர்ஜ் லூகர் 1900களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. இன்று உலகின் இராணுவங்களும் பொலிஸும் அதிகம் வைத்திருப்பது இதுதான். குண்டு ஏழரை முதல் எட்டு கிராம்.

இவற்றுக்குப் பக்கத்தில் ரிவோல்வர்களுக்குரிய .38 நிற்கிறது. ஒப்பிட ஒரு கணக்கு: .25இன் வலு நூறு ஜூலுக்கும் குறைவு, .380 ஏறத்தாழ 270, ஒன்பது ஏறத்தாழ 500. நாம் எல்லோரும் சத்தத்தாலேயே அறிந்த ரி-56 ஏறத்தாழ 2,000.

மறைத்து வைப்பதில் இருக்கும் கொடுக்கல் வாங்கலும் இதற்குள்தான் இருக்கிறது. துவக்கு சிறுத்தால் மறையும். மறைய மறைய, பிடி குறையும், குழாய் குறையும், குறி தப்பும், உதைப்புக் கூடும். ‘சின்னது, லேசானது’ என்று பழக்கமில்லாதவருக்கு வாங்கிக்கொடுக்கும் துவக்குத்தான் சுடுவதற்கு மிகக் கஷ்டமான துவக்கு.

பெரிய அளவு என்றால் பாதுகாப்பா?

1948 ஜனவரி 30 அன்று காந்தியைக் கொன்றது ஒரு பெரட்டா. அளவு 9 மி.மீ. சோட். மருமகன் கேட்ட அதே ‘மூண்டு எண்பது’. மூன்று குண்டுகள் போதுமாக இருந்தன. 1959 செப்டெம்பர் 25இல் கொழும்பு றொஸ்மீட் பிளேஸ் வீட்டில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்ட பிக்கு கொண்டுவந்தது .45 ரிவோல்வர், இவை எல்லாவற்றிலும் பெரியது. பிரதமர் அடுத்த நாள்தான் இறந்தார். 1967 ஜனவரி 12 அன்று சென்னை இராமாவரத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் சூடு வாங்கினார். எம்.ஆர். ராதாவின் உடம்பிலும் குண்டு பாய்ந்தது. கிட்ட நின்று சுட்ட சூடு, ஆனாலும் இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

சின்னது கொல்லும், பெரியதிலும் ஆள் தப்பும். குண்டு எங்கே படுகிறது என்பதே முடிவு செய்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைச் செலவழித்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11இல் மியாமியில் நடந்த சண்டையில் ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையனின் இதயத்துக்கு அருகில் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதன்பின் 10 மி.மீ., .40 என்று பெரிய அளவுகளுக்குப் போனார்கள். பிறகு திரும்பவும் ஒன்பதுக்கே வந்தார்கள். இப்போதைய குண்டுகளில் அளவுக்கு அளவு பெரிய வித்தியாசம் இல்லை, உதைப்புக் குறைந்த துவக்கால் ஆட்கள் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதுவும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு.

அளவைத் தெரிவு செய்வது சட்டம்

காணொளியில் பேசும் அமெரிக்கர் கடைக்குப் போய்த் தன் கைக்கும் சட்டைப்பைக்கும் ஏற்றதை எடுக்கிறார். உலகின் மற்றப் பெரும்பாலான இடங்களில் அந்தத் தெரிவு ஆளிடம் இல்லை.

இந்தியாவில் பொலிஸும் படையும் பாவிக்கும் 9 மி.மீ., .38 போன்றவை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள். உரிமம் கிடைத்தாலும் .32, .22 போன்றவைதான் வாங்கலாம். டெல்லி மாணவியின் கொலைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரச தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவோல்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. அரைக் கிலோ பாரம், .32 அளவு, விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாவுக்கு மேல். அந்த விலை எந்தப் பெண்ணுக்குக் கட்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

புலம்பெயர்ந்த நம்மவர்களும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியா 1996 டன்பிளேன் பாடசாலைக் கொலைக்குப் பிறகு கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அவுஸ்திரேலியாவில் விளையாட்டுக்குக்கூட .38க்கு மேல் சிறப்பு அனுமதி வேண்டும். கனடா 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தியது.

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். தற்பாதுகாப்புக்கான பிஸ்டலோ ரிவோல்வரோ என்றால் பாதுகாப்பு அமைச்சு. உரிமம் அந்த வருடம் முடியும் வரைதான் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் அமைச்சால் முடியும். தற்பாதுகாப்புக்காக வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்கு முன் வெலிசறையில் உள்ள கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொன்னது அப்படித்தான்.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் எந்த அளவு என்பது பேச்சே இல்லை. .22 ரவை ஒன்று மட்டும் சட்டைப்பையில் இருந்தாலும் வழக்குத்தான். நம் மக்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாக எழுதப்பட்டுள்ளது. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அதன் கீழ் தடுப்புக் கட்டளையில் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். கள்ளனுக்குப் பயந்து எடுத்த பிஸ்டல் என்று யார் நம்புவது?

படுவான்கரையில் ஒரு துவக்கின் கதை

அப்பாவிடம் உரிமம் உள்ள 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. பன்றிக்கும் யானைக்கும் வாங்கியது. எண்பதுகளில் ஒரு இரவு இயக்கம் ஒன்று வந்து அதைக் கேட்டது. கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது. சில வாரத்தில் சீருடையில் வந்தவர்கள் துவக்கு எங்கே என்று கேட்டார்கள். உரிமப் புத்தகத்தில் எண் இருந்தது, வீட்டில் துவக்கு இல்லை. அப்பா மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அதன்பின் வலது கையால் சோறு பிசைய அவரால் முடியவில்லை. சட்டப்படி வைத்திருந்த, மறைக்காத துவக்கு அது.

மறைத்து வைக்கும் துவக்கின் காலம் பிறகு வந்தது. 2004 மார்ச்சில் இயக்கம் பிளந்த பின் மட்டக்களப்பில் யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அந்த மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், தேவாலயத்துக்குள் வைத்தே, ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைக் கேட்டால் ஒதுங்கி நின்று, அது போகவிட்டு நடந்த காலம் அது.

அதற்கு விலை கொடுத்தவர்கள் துவக்கு இல்லாதவர்கள். பட்டிருப்புப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, சேட்டை நெஞ்சு வரை தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் ஏறியதை எங்கள் வயதில் உள்ள யாரும் மறக்கவில்லை. இடுப்பில் மறைக்கக்கூடிய ஆயுதம் ஒன்று ஊருக்குள் திரிந்தால் எல்லாருடைய சேட்டும் தூக்கப்படும். பாடசாலைப் பிள்ளையின் புத்தகப் பையும் கொட்டப்படும். 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் கொலை செய்யக் கொண்டுபோன ரிவோல்வர் புத்தகம் ஒன்றின் நடுவை வெட்டி மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

இன்று எங்கள் பக்கம் இரவில் வரும் பெரிய பயம் யானை. அதற்கும் பிஸ்டல் உதவாது. ஒன்பது மி.மீ. குண்டு யானையைக் காயப்படுத்தி மூர்க்கமாக்கும், நிறுத்தாது. மின்வேலியும் வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியும் கூட்டமாக விழித்திருக்கும் ஆட்களுமே இதுவரை கைகொடுத்தவை. வீட்டுக்குள் சுடுவதென்றாலும் யோசிக்க வேண்டும். தகரத்தையும் பலகையையும் ஒன்பது தாண்டிப்போகும். பக்கத்து வளவில் பாய் விரித்துப் படுத்திருப்பது உங்கள் சித்தியின் பிள்ளைகளாக இருக்கலாம்.

வயல் உழும்போது பழைய ரவைகள் இன்னும் வெளியே வருகின்றன. அடியில் ‘9’ என்று பொறித்திருக்கும், பித்தளை பச்சை பிடித்திருக்கும். எந்த அளவு என்று பார்க்கக் கையில் எடுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டவும் வேண்டாம். இடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, கிராம உத்தியோகத்தருக்கோ 119க்கோ சொல்லுங்கள். யாராவது மிரட்டினால் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். பொலிஸ் எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கம் இருக்கிறது.

மருமகனுக்குச் சொன்னது

“மனே, பைக் ஓடுற உனக்கு ரெண்டு கையும் ஹாண்டிலில. பின்னால வாறவன் ரெண்டு பேர். நீ சேட்டைத் தூக்கி, பூட்டைத் திறந்து, திரும்பிக் குறி பார்க்கிறதுக்குள்ள சைக்கிளோட வாய்க்காலுக்குள்ள கிடப்பாய். காசும் அவன்ட, பிஸ்டலும் அவன்ட. அதுக்குப் பிறகு அந்தப் பிஸ்டலால ஊருக்குள்ள யாரைச் சுட்டாலும் பொலிஸ் உன்ட வாசலுக்குத்தான் வரும்.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப காசை என்ன செய்யிற?” என்றான். உண்மையான கேள்வி அதுதான். உர மானியம் வங்கிக் கணக்குக்கு வருவதால் கணக்கு இல்லாத விவசாயி இப்போது குறைவு. இருவரும் உட்கார்ந்து, அவன் வழக்கமாக நெல் எடுக்கும் ஆட்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதினோம். கணக்குக்குப் போட்டால் சரி என்று சொல்லக்கூடியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டான். பாதிக்கு மேல் கோடு விழுந்தது. மிச்சப் பேருக்குப் பகலில், ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொன்னான்.

கொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.