அத்துவிட்டதற்குக் காகிதம் கேட்கும் சட்டம்

செங்கல்பட்டின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் நிலத்திலிருந்துதான் தொடங்குகிறோம். 1891-இல் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கை, 1892 செப்டம்பர் 30 அரசாணை, அதன் வழியே வந்த பஞ்சமி நிலம், அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை. காரணை என்றால் போதும், நமக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்ற பெண்களுக்கு வீட்டுக்குள் இருந்த உரிமை என்ன என்று நாம் கேட்டது குறைவு. இன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். முதல் மணத்தை முறித்துக்கொண்டு, வேறொருவரோடு சேர்ந்து வாழ்ந்து, பிள்ளையும் பெற்று, அவரிடமிருந்தும் பிரிய நேரும் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

ஒத்துவராத வாழ்க்கையை ஊர்ப் பஞ்சாயத்தில் அத்துவிட்டுப் பிறகு வேறு துணை தேடிக்கொள்வது உழைக்கும் சாதிகளுக்குப் புதிதல்ல. அதைச் சொல்லியே நம்மை ‘அறுத்துக்கட்டும் சாதி’ என்று இழித்தார்கள். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில் அண்ணல் அம்பேத்கர் அந்த இழிசொல்லையே வாதமாகத் திருப்பினார். இந்துக்களில் மிகப் பெரும்பான்மையோரிடம் மணமுறிவு வழக்கமாகவே இருக்கிறது; சிறுபான்மையோரின் சாஸ்திரத்தை எல்லார் தலையிலும் ஏன் கட்ட வேண்டும் என்பதே அவர் கேள்வியின் சாரம். மசோதா முடக்கப்பட்டபோது 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் வந்த 1955 இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்காற்று மணமுறிவைச் செல்லும் என்றே விட்டுவைத்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் உண்டு என்பதை, அதைச் சொல்பவரே எடுத்துரைத்து மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் வலியுறுத்தியது. பஞ்சாயத்தில் உட்கார்ந்த பெரியவர்கள் செத்துப்போயிருப்பார்கள். எழுதி வைத்த தாள் இருக்காது. ஊரே அறிந்த ஒன்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியாமல் பெண் நிற்பாள்.

2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்பதையும் ஏற்று, அந்தப் பெண்ணுக்குக் குடியிருக்கும் உரிமையும் பண நிவாரணமும் தந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 2010 அக்டோபர் 21 அன்று கோவையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உறவுக்கு நிபந்தனைகள் விதித்தது. அவற்றுள் ஒன்று, இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக, வேறு மணவுறவு இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது. அந்த வழக்கில் எழுந்தது ஆணின் முந்தைய திருமணம் பற்றிய கேள்வி. நிபந்தனையோ அத்துவிட்டு வந்த பெண்ணின் கழுத்திலும் விழுகிறது. தீர்ப்பில் ‘வைப்பு’ என்னும் பொருள்பட வந்த சொல்லை அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே கண்டித்தார். அதே மாதம் 7-ஆம் தேதி மற்றோர் அமர்வு, நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த பெண்ணையும் ஜீவனாம்சத்துக்கு மனைவியாகக் கருத வேண்டும் என்ற கருத்தோடு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருந்தது. ஒரே மாதத்தில் ஒரே நீதிமன்றம் இரண்டு குரலில் பேசியது.

2025 ஜனவரி 30 அன்று தெலங்கானா வழக்கொன்றில் வந்த தீர்ப்பு நமக்கு முக்கியமானது. முதல் கணவரிடமிருந்து நீதிமன்ற ஆணையில்லாமல், ஒப்பந்தம் எழுதிப் பிரிந்திருந்தார் அந்தப் பெண். அது தெரிந்தே அவரை மணந்த இரண்டாவது கணவர், முதல் மணம் சட்டப்படி முறியவில்லை என்று சொல்லி ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உண்மையில் பிரிந்து வாழ்ந்தார், முதல் கணவரிடம் எதுவும் பெறவில்லை என்பதையே அது பார்த்தது.

பிள்ளையின் நிலை வேறு. பெற்றோர் தாலி கட்டினார்களா என்ற கேள்வியே அதற்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் அது தொடர்கிறது. மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001-இலேயே நீக்கப்பட்டது. முதல் மணத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பன் தர வேண்டியதும், தாய் வேறிடம் போனதால் அற்றுப்போவதில்லை.

இருந்தும் சட்டம் ஒன்றைத் தரவில்லை. சேர்ந்து சம்பாதித்ததில் பங்கு என்ற உரிமை நம் நாட்டின் பெரும்பகுதியில் முறையான மனைவிக்கே இல்லை. மாமல்லபுரம் கடற்கரையோரம் விடுதிகளில் அறை துடைத்த கூலியும், சித்தாள் வேலைக் கூலியும் போட்டு எழுப்பிய வீடு அவன் பெயரில் இருந்தால், அவள் குடியிருக்கலாம் என்று கேட்கலாம். பாதி என்னுடையது என்று கேட்பது கடினம்.

ஆகவே தோழர்களே, நிலப் பட்டாவுக்குக் காட்டும் அக்கறையை இதிலும் காட்டுவோம். அத்துவிடும் பஞ்சாயத்து எழுத்தில் இருக்கட்டும், சாட்சிகள் கையெழுத்திடட்டும், இயன்றால் சிவில் நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பும் பெறுவோம். குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை, பிறப்புச் சான்று ஆகியவற்றில் தகப்பன் பெயர் இருக்கட்டும். மனை வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்கச் சொல்வோம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அந்த வாசல் வரை துணைக்குப் போவது நம் மாணவர்களின் வேலை.

பஞ்சமி நிலத்தில் காகிதம் நம் பக்கம் இருந்தும் மண் பறிபோனது. இங்கே வாழ்ந்த வாழ்க்கை இருந்தும் காகிதம் இல்லை. இரண்டையும் மீட்பது ஒரே போராட்டம்தான்.